வரிசையாகப் போட்ட நாற்காலிகள்

வாசகர் கடிதமும் உளவளத்துணையாளர் பதிலும்

தெஹிவளையிலிருந்து ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர், கோடு போட்ட தாளில் ஒன்பது பக்கம் கையால் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டும் மாற்றியும் சாரத்தைத் தருகிறேன்.

வயது 69. சொந்த ஊர் யாழ்ப்பாணத்து வலிகாமம். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு குடும்பத்தோடு கொழும்புக்கு வந்தவர். கணவர் காலமாகி மூன்று வருடம். மகன் ரொறன்ரோவில், மகள் லண்டனில். ஆறு மாடிக் கட்டடத்தில் நான்காம் மாடியில் தனியே இருக்கிறார். ஓய்வூதியம் வருகிறது, பிள்ளைகளும் அனுப்புகிறார்கள். தன்னைப் போல் அந்தத் தொடர்மாடியில் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கும் வயதானவர்கள் நிறையப் பேர் என்று கண்டு, கீழ்மாடி மண்டபத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு "முதியோர் ஒன்றுகூடல்" ஒன்றைத் தொடங்கினார். முதல் மாதம் 23 பேர், அடுத்த மாதம் 9, மூன்றாம் மாதம் அவரோடு சேர்த்து 4. இப்போது நிர்வாகக் குழு மண்டபத்துக்குக் கட்டணம் கேட்கிறது. "எங்கட சனத்துக்கு ஒற்றுமை இல்லை, நான் விட்டுவிடவா?" என்பது முதல் கேள்வி. மண்டபத்தில் தனக்கு உரிமை உண்டா என்பது இரண்டாவது. கீழ்மாடியில் உள்ள ஒரு அம்மாவை மகன் கவனிப்பதில்லை, என்ன செய்யலாம் என்பது மூன்றாவது. வீட்டை விற்றுவிட்டு வரச் சொல்லும் மகன், நல்ல முதியோர் இல்லம் பார்க்கச் சொல்லும் மகள், இருவரில் யார் சொல்வது சரி என்பது கடைசி.

அன்புள்ள ரீச்சர்,

உங்கள் கடிதத்தின் ஏழாம் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். மற்ற எட்டுப் பக்கமும் அடுத்தவர்களின் தனிமை பற்றியது. ஏழாம் பக்கத்தில் மட்டும், போகிற போக்கில், இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "செவ்வாயிலிருந்து வெள்ளி வரை ஒருவரோடும் வாய் திறந்து கதைக்கவில்லை என்பது, வெள்ளிக்கிழமை மரக்கறிக்காரரிடம் விலை கேட்டபோது குரல் அடைத்ததில்தான் தெரிந்தது." அடுத்த வரியிலேயே மண்டபக் கட்டணத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த மரக்கறிக்காரரிடமே கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன்.

அதே பக்கத்தின் அடியில், "பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் கோல் எடுக்கிறார்கள், காசுக்கும் குறையில்லை, எனக்குத் தனிமை என்று சொன்னால் அவர்களுக்குச் செய்கிற துரோகம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இது பிழையான கணக்கு, ரீச்சர். தனிமையாக இருக்கிறது என்றால் பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. காலை ஏழு மணிக்கு மகன் எடுக்கும்போது அங்கே இரவு ஒன்பதரை. அவர் களைத்துப்போய், "சாப்பிட்டீங்களா, குளிசை போட்டீங்களா" என்று கேட்டுவிட்டு வைக்கிறார். அது அன்புதான். ஆனால் காலையில் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரர் "என்ன ரீச்சர், நேற்று லைட் எரிய நேரமாச்சுது?" என்று கேட்பது வேறு வகை. ஒன்றால் மற்றதை நிரப்ப முடியாது. பசியையும் தாகத்தையும் போல, ஏதோ குறைகிறது என்று உடம்பு தருகிற அறிவிப்புத்தான் தனிமை. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவருக்கு இது உண்டு என்கிறது. அந்த ஆறில் ஒருவராக இருப்பதற்கு யாரிடமும் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

முதலில் உங்கள் உடம்பு

கூட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் சில விஷயங்களை ஒரு டொக்டரிடம் பார்த்துவிட வேண்டும்.

வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நிகழ்ச்சிகளுக்கு முன்பெல்லாம் தவறாமல் போனவர், இப்போது "எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கேட்கிறது, தலையிடிக்கிறது" என்று நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அதை மனம் வெறுத்துப்போனதாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது காதைப் பற்றிய குறிப்பாகத்தான் தெரிகிறது. அமைதியான அறையில் ஒருவர் கதைப்பது விளங்கும், பத்துப் பேர் கதைக்கும் இடத்தில் விளங்காது என்பது வயதோடு வரும் கேட்டல் குறைவின் முதல் முகம். காது கேளாதவர் விழாவுக்குப் போவதை நிறுத்துவார், பிறகு ரெலிபோனைத் தவிர்ப்பார், பிறகு "எனக்குச் சனம் பிடிக்காது" என்று தானே நம்பத் தொடங்குவார். கேட்டல் பரிசோதனை ஒன்று செய்யுங்கள். மூளைத் தேய்வு பற்றிய, லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணங்களில் கேட்டல் குறைவு, கவனிக்கப்படாத பார்வைக் குறைவு, மனச்சோர்வு, ஆட்களோடு பழகாமை எல்லாம் இருக்கின்றன. மறதி வருகிறது என்று பயப்படுகிறீர்கள். பயப்படுவதை விட இவற்றைக் கவனிப்பது உபயோகமான வேலை. சீனி வருத்தத்துக்கு மெற்போமின் பல வருடமாக எடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது சிலரில் பி12 உயிர்ச்சத்தைக் குறைக்கும், அந்தக் குறைவு மறதியாகவும் காட்டும். அடுத்த கிளினிக்கில் பி12, தைரொயிட் இரண்டையும் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

இன்னொன்றை நேராகவே கேட்கிறேன். "அவரோடேயே நானும் போயிருக்கலாம்" என்று ஒரு வரி இருக்கிறது. நம் ஊரில் துணையை இழந்த எல்லாரும் சொல்வதுதான், உண்மை. ஆனாலும் அது எந்த அளவுக்கு என்று நீங்களே உங்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு கிழமைக்கு மேலாகத் தொடர்ந்து நித்திரை குழம்புவது, சாப்பாடு இறங்காதது, பிடித்த எதிலும் மனம் ஒட்டாதது, விடியும்போதே கனமாக இருப்பது இவை சேர்ந்திருந்தால் அது தனிமையைத் தாண்டிய மனச்சோர்வு. அதற்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு, 69 வயதிலும் பலன் தரும். ஒன்றுகூடலால் மட்டும் அது தீராது. இரவில் அந்த எண்ணம் பலமாக வந்தால் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பும் இருக்கிறது, அங்கே புத்திமதி சொல்ல மாட்டார்கள், கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கூட்டம் ஏன் கரைந்தது

இனி 23, 9, 4. கணக்கு ரீச்சர் நீங்கள், இறங்குவரிசையைப் பார்த்ததும் அடுத்தது பூச்சியம் என்று முடிவெடுத்துவிட்டீர்கள். அந்த நான்கு பேர் யார் என்று உங்கள் கடிதத்திலேயே தேடினேன். நீங்கள். ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர். கீழ்மாடி அம்மா. மூன்றாம் மாடியில் இருக்கும் சிங்கள அம்மா. இந்தக் கடைசி ஆள், "பாதிக்கு மேல் விளங்காது" என்று தெரிந்தும் மூன்று மாதமும் வந்திருக்கிறார். "எங்கட சனத்துக்கு ஒற்றுமை இல்லை" என்ற முடிவு இவரிடம் செல்லுபடியாகாது. தேவாரத்துக்கோ டொக்டரின் பேச்சுக்கோ அவர் வந்திருக்க மாட்டார். எதற்கு வந்தார் என்று அவரிடம் கேட்டிருக்கிறீர்களா?

உங்கள் நிகழ்ச்சி நிரலை அப்படியே எழுதியிருந்தீர்கள், நல்லதாய்ப் போயிற்று. தேவாரம், வரவேற்புரை, "நீரிழிவும் நாமும்" என்று டொக்டரின் உரை, கேள்வி நேரம், நன்றியுரை, தேத்தண்ணி. நாற்காலிகள் வரிசையாக. ரீச்சர், கோபிக்காதீர்கள், நீங்கள் நடத்தியது வகுப்பு. வருகிறவர்கள் ஒருவரின் பிடரியை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் இருந்திருக்கிறார்கள். கதைக்கக் கிடைத்தது கடைசிப் பத்து நிமிடத் தேத்தண்ணி. சீனியைக் குறை, உப்பைக் குறை என்று கிளினிக்கில் கேட்டது போதாதென்று ஞாயிறு பின்னேரமும் கேட்க யார் இறங்கி வருவார்? இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஒரு காலத்தில் முதியோருக்கென்று யோகா வகுப்புத் தொடங்கி, மூன்றாம் கிழமையே பாயைச் சுருட்டியவள் நான். வந்த ஐந்து பேருக்கும் முழங்கால் மடங்காது என்பதை முன்னரே கேட்டறிய எனக்குத் தோன்றவில்லை.

நேரமும் பிழை. ஞாயிறு பின்னேரம்தான் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரம். வயதானவர் அதை விட்டுவிட்டு வர மாட்டார், வரவும் கூடாது. பாடசாலை வான் போய், வேலைக்குப் போகிறவர்களும் போய், கட்டடமே ஓய்ந்துபோகும் காலை ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் இடையில்தான் வீடு பெரிதாகிறது. மாதத்துக்கு ஒரு முறை என்பதும் உதவாது. ஒரு மாதம் தடிமன் வந்து விட்டால் இரண்டு மாத இடைவெளி. முகம் மறந்துபோகும், பெயர் கேட்க வெட்கமாக இருக்கும். கிழமைக்கு இரண்டு நாள், ஒரு மணித்தியாலம், ஒரே இடம், ஒரே நேரம். நான்கு பேர் என்றாலும் நடக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. தனிமையைக் குறைக்கும் முயற்சிகளைப் பற்றிய பல ஆய்வுகளை சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஆட்களைச் சந்திக்க வாய்ப்பு உண்டாக்கிக் கொடுப்பது மட்டும் அதிகம் உதவவில்லை. தனிமையில் இருப்பவர் மற்றவர்களைப் பற்றி எடுத்து வைத்திருக்கும் முடிவுகளை மாற்ற உதவியவையே கூடப் பலன் தந்தன. நீண்ட காலம் தனிமையில் இருந்தவருக்கு மனம் காவல்காரனாகிவிடும். லிஃப்டில் ஒருவர் சிரிக்காமல் போனால் "என்னை வேண்டாம் என்கிறார்" என்று எழுதி வைக்கும். மூன்றாம் கூட்டத்துக்குப் பிறகு நீங்கள் எழுதிய வரி, "எல்லாரும் என்னைப் பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார்கள்." வராத 19 பேரில் எத்தனை பேரிடம் ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள்? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஐந்து பேரிடமாவது கேளுங்கள். முழங்கால், லிஃப்ட் பழுது, மண்டபத்துக்குப் பக்கத்தில் கழிவறை இல்லாதது, இரவில் கண் தெரியாதது, அன்று திவசம்... உங்களைப் பற்றிய காரணம் ஒன்று வருமா என்பது எனக்குச் சந்தேகம்.

உரைக்குப் பதிலாக வேலை

கேட்டுக்கொண்டிருக்க வந்தவர் அடுத்த முறை வராமல் விடலாம், ஒன்றும் குறையாது. ஒரு வேலை அவர் பெயரில் இருந்தால் வருவார். உங்கள் கட்டடத்தில் நீங்களே எழுதியவற்றை வைத்துச் சில சொல்கிறேன். எல்லாவற்றையும் தொடங்க வேண்டாம், ஒன்று போதும்.

காலை மணி. எட்டு மணிக்குள் ஒருவர் மற்றவரின் ரெலிபோனில் இரண்டு மணி அடித்து நிறுத்துவது; அவர் அடுத்தவருக்கு. காசு செலவில்லை. மணி வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். இரவில் குளியலறையில் விழுந்து விடியும் வரை கிடந்த கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள், அந்தப் பயம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் எண்பது வயதானவருக்கும் "நான் எழும்பாவிட்டால் மூன்றாம் மாடி அம்மாவுக்கு மணி போகாது" என்ற பொறுப்பு வருவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கிளினிக் துணை. களுபோவில ஆஸ்பத்திரிக்கு விடியற்காலையே போய் நம்பர் எடுத்து மத்தியானம் வரை காத்திருப்பதை இரண்டு பேராகச் செய்தால் அது பாதி உல்லாசப் பயணம். ஒருவர் இடத்தைப் பிடித்திருக்க மற்றவர் கழிவறைக்குப் போகலாம், ஓட்டோக் காசும் பாதி. ஒரே கிளினிக் நாள் யார் யாருக்கு என்று ஒரு அட்டவணை போடுங்கள். அட்டவணை போடுவதில் உங்களை வெல்ல ஆளில்லை.

கடிதம், படிவம். உங்கள் தபால் ஊழியர் மூன்று மொழியும் எழுதுவார் என்கிறீர்கள். ஓய்வூதியக்காரரின் உயிர்வாழ் சான்றிதழ், வங்கிப் படிவம், சிங்களத்தில் வரும் மாநகரசபைக் கடிதம் என்று இந்தக் கட்டடத்தில் அவருக்கு வேலை குவிந்து கிடக்கிறது. மேசையும் பேனையும் கொடுத்து உட்கார வையுங்கள். அந்த மேசைக்குப் பக்கத்திலேயே மூன்றாம் மாடி அம்மாவும் நீங்களும் ஒருவருக்கொருவர் தமிழும் சிங்களமும் சொல்லிக்கொடுக்கலாம். முப்பது வருடம் கொழும்பில் இருந்தும் "கடைச் சிங்களம்தான்" என்று நீங்களே ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஐந்தாம் மாடி ஐயாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மின் பொறியியலாளராக இருந்தவர், மனைவி இறந்த பின் கதவே திறப்பதில்லை, மூன்று தடவை அழைத்தும் "பிறகு பார்ப்போம்" என்றார், வற்புறுத்தவா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். "ஒன்றுகூடலுக்கு வாங்கோ" என்றால் அவருக்கு அது "நீங்கள் தனியாள், பாவம்" என்று கேட்கும். அவுஸ்திரேலியாவில் 1990களில் ஆண்களுக்கென்று பட்டறைக் கொட்டகைகள் தொடங்கிய அனுபவம் இதுதான்: ஆண்கள் முகத்தைப் பார்த்துக் கதைப்பதைவிட, தோளோடு தோள் நின்று ஏதாவது பழுது பார்க்கும்போது கூடக் கதைக்கிறார்கள். மண்டபத்தின் மின்விசிறி சத்தம் போடுகிறது என்று எழுதியிருந்தீர்களே. ஏறிக் கழற்ற ஆளைப் பிடிக்கலாம், பக்கத்தில் நின்று எப்படி என்று சொல்ல ஒருவர் வேண்டும் என்று அவரிடம் போங்கள். வராவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு மாதம் கழித்து வேறு ஏதாவது பழுதாகும்.

புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் கட்டடத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் யோசனையை நீங்களே வெட்டிவிட்டிருந்தீர்கள், "இந்த வயதில் ரியூஷனா" என்று. என் பார்வையில் கடிதத்திலேயே சிறந்த யோசனை அதுதான். காசு வாங்காதீர்கள். பொது இடத்தில், கதவு திறந்திருக்க, இன்னொரு பெரியவரும் கூட இருக்கச் செய்யுங்கள். பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் அது பாதுகாப்பு.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. பழக்கமான இடத்தில் கெதியாகச் சீட்டு முளைக்கும்; இந்த வட்டத்துக்குள் சீட்டும் வேண்டாம், கடனும் வேண்டாம். ஒரு மாதச் சீட்டுத் தவறினால் இரண்டு வீடு பேச்சுவார்த்தை இல்லாமல் போகும். தனியே இருப்பவர்களின் படம், மாடி இலக்கம், பிள்ளைகள் வெளிநாட்டில் என்ற விபரம் எல்லாவற்றையும் வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். முதல் ஆறு மாதத்துக்குள் இன்னொருவர் திறப்பை எடுத்துத் தானே தொடங்கக்கூடியதாக இருக்க வேண்டும். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் நின்றுபோகிற ஒன்றைத் தொடங்கி, அதன் பாரத்தையும் நீங்களே சுமக்காதீர்கள்.

மண்டபமும் கீழ்மாடி அம்மாவும்

நான் சட்டத்தரணி அல்ல, ஆனால் அடிப்படையைச் சொல்லலாம். மாடிவீட்டுச் சொத்துரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, முறையாகப் பதிவான தொடர்மாடியில் மண்டபம், மொட்டைமாடி, படிக்கட்டு போன்ற பொதுப் பகுதிகள் நிர்வாகக் குழுவின் சொத்தல்ல, வீட்டு உரிமையாளர்கள் எல்லாருக்கும் பங்குள்ளவை. வீட்டுக்காரர்களைக் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் அவற்றைப் பராமரிக்கிறது. கட்டணம் விதிக்க அதற்கு விதிகள் இருக்கலாம். அந்த விதி எங்கே, எந்தக் கூட்டத்தில் நிறைவேற்றப்பட்டது, பிறந்தநாள் விழாவுக்கும் இதே கட்டணமா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால், தொடர்மாடிகளுக்கான அரச அமைப்பான கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை இருக்கிறது. ஆனால் அங்கே போவதற்கு முன் செயலாளரிடம் ஒரு தேத்தண்ணியோடு கதையுங்கள். அவருக்கும் ஒரு தாய் இருப்பார். மண்டபம் கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை. நான்கு பேருக்கு மண்டபம் எதற்கு? லிஃப்டுக்குப் பக்கத்தில் நான்கு பிளாஸ்டிக் கதிரை போட்டால், போகிறவர் வருகிறவர் நின்று கதைப்பார்கள். மண்டபத்துக்குள் இருந்தால் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கீழ்மாடி அம்மாவுக்கு மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் மகன் கொடுப்பதில்லை என்கிறீர்கள். "இதற்கெல்லாம் சட்டம் எங்கே" என்பது சரியல்ல. முதியோர் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பிள்ளைகள் பெற்றோரைப் புறக்கணிக்கக் கூடாது என்று அது சொல்கிறது. தன்னைத் தானே பராமரிக்க முடியாத முதியவர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரி அதன் கீழுள்ள சபையிடம் விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேட்டால் வழி சொல்வார். ஒரு எச்சரிக்கை: அவரைக் கேட்காமல் அவருக்காக நீங்கள் முறைப்பாடு எழுதிவிடாதீர்கள். மகனோடு ஒரே வீட்டில் இரவு இருக்க வேண்டியவர் அவர். "மருந்து முடிந்தால் எனக்குச் சொல்லுங்கோ" என்று முதலில் சொல்லி வையுங்கள். அடி, பூட்டி வைத்தல் என்று எதுவும் தெரிந்தால் மட்டும் தாமதிக்க வேண்டாம், பொலிஸிடம் போகலாம்.

அதே பிரதேச செயலகப் பயணத்தில் உங்கள் வேலை ஒன்றையும் முடியுங்கள். 60 வயது கடந்தவர்களுக்கான முதியோர் அடையாள அட்டை எடுத்திருக்கிறீர்களா? கிராம உத்தியோகத்தரிடம் தொடங்கலாம். அவருடைய பிரிவில் முதியோர் குழு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் சேருங்கள். பெயருக்கு மட்டும் இருந்தால், அதைக் கிளப்புவதற்கு உங்களைப் போன்ற ஒருவரைத்தான் அவர் தேடிக்கொண்டிருப்பார். பல பிரிவுகளில் தேசிய முதியோர் செயலகத்தின் ஆதரவோடு பகல் நேர நிலையங்களும் நடக்கின்றன.

ரொறன்ரோவா, இல்லமா

இரண்டு பிள்ளைகளும் தங்கள் பயத்திலிருந்து பேசுகிறார்கள். உங்களுக்கு ஏதாவது நடந்தால் ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருந்து என்ன செய்வது என்ற பயம். அதைப் புரிந்துகொண்டு கதைத்தால் சண்டை வராது.

மகன் சொல்லும், பெற்றோருக்கென்று கனடா கொடுக்கும் சுப்பர் விசாவில் ஒரே தடவையில் ஐந்து வருடம் வரை தங்கலாம். ஆனால் அது நிரந்தர வதிவிடம் அல்ல. தனியார் மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும், அரச மருத்துவக் காப்பு கிடைக்காது. ஸ்காபரோவில் தமிழ் முதியோர் சங்கங்கள் இருக்கின்றன, கோயில் இருக்கிறது, தோசைக்கும் குறைவில்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போன பின், கார் ஓட்டத் தெரியாமல், பனிக்காலத்தில் அந்த வீட்டின் பகல் எப்படி இருக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். தெஹிவளையில் ரயிலில் ஏறி ஒரு தரிப்பில் வெள்ளவத்தையில் இறங்கலாம், 100ஆம் இலக்க பஸ்ஸையோ 101ஐயோ மறிக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு தடவை கோடையிலும் ஒரு தடவை குளிரிலும் போய் இருந்து பாருங்கள். அதற்குப் பிறகு முடிவெடுங்கள்.

விற்பதைப் பற்றி: கணவர் காலமான பின் வீட்டை மகன் பெயருக்கு எழுதிவிட்டேன் என்கிறீர்கள். அந்த உறுதியை எடுத்துப் பாருங்கள், "சீவிய உருத்து" உங்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று. இருந்தால் உயிருள்ள வரை அங்கே இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. இல்லாவிட்டால், மகன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உங்கள் இருப்பிடத்துக்கு எழுத்தில் என்ன பாதுகாப்பு என்று சட்டத்தரணி ஒருவரிடம், மகனுக்கும் தெரியத்தக்கதாக, கேட்டுக்கொள்ளுங்கள். மகனில் சந்தேகப்படுவதாக நினைக்க வேண்டாம். நீங்கள் பாடசாலையில் காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் விட்டதுண்டா?

மகள் சொல்லும் இல்லத்தை உடனே தள்ளிவிடாதீர்கள். "பிள்ளை இல்லாதவர்கள் போகிற இடம்" என்ற எண்ணம் பழையது. நல்ல இடங்களும் இருக்கின்றன, மோசமானவையும் இருக்கின்றன. போய்ப் பார்ப்பதென்றால் சொல்லாமல், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். பதிவு செய்யப்பட்டதா, தமிழில் கதைக்க இரவுப் பணியாளர் உண்டா, வெளியே போய்வர அனுமதி உண்டா என்று கேளுங்கள். இன்று நடக்கவும் சமைக்கவும் கணக்குப் போடவும் முடிகிற உங்களுக்கு அது இப்போதைய தேவை அல்ல என்பது என் அபிப்பிராயம். இடுப்பு எலும்பு உடைந்த பின் அவசரத்தில் தேடுவதை விட, இப்போதே ஒன்று இரண்டைப் பார்த்து வைத்திருப்பது புத்தி.

கடைசியாக, பின்குறிப்பில் வரவுப் பதிவேடு பற்றிக் கேட்டிருந்தீர்கள், தொடரவா நிறுத்தவா என்று. தொடருங்கள். ஆனால் வராதவர்களுக்கு நேரே சிவப்பு மையால் புள்ளி போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கட்டத்தில் அவருடைய ரெலிபோன் இலக்கத்தை எழுதி, அன்றைக்கே மத்தியானத்துக்குள் எடுத்துக் கதையுங்கள். ஐந்தாம் மாடி ஐயாவின் இலக்கம் செக்கியூரிட்டியிடம் இருக்கும்.